பதினோரு முட்டைக்கு இருபது டிகிரி

கிட்டே வந்து உட்காருங்க, கண்ணுங்களா. பனிக்குள்ளே நின்றுபோன ஒரு பஸ்ஸின் கதை வைத்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிக்கொண்டிருந்தது அந்த பஸ். ஆறாம் வகுப்புச் சந்தியாவின் மடியில் ஒரு கூடை. உள்ளே வைக்கோலில் பதினோரு முட்டை. மறுநாள் பொரிய வேண்டியவை. அடைகாத்த கோழியைக் காலையில் கீரி கொண்டுபோய்விட்டது. வெள்ளிமலை அத்தை வீட்டில் இன்னொரு கோழி அடையில் இருக்கிறது. அதற்கடியில் வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

கூடையில் அப்பா ஒரு வெப்பமானியும் செருகியிருந்தார். முப்பத்தெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பாதி மலையில், சாலையில் மரம் சாய்ந்து கிடந்தது. பஸ் நின்றது. பனி ஜன்னல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்காமல் சீட்டுக்குச் சீட்டு உட்கார்ந்துகொண்டது. வெளியே மலை காணோம், மரம் காணோம். பஸ் மேகத்தில் மிதப்பதுபோல இருந்தது.

வெப்பமானி முப்பத்தொன்றுக்கு இறங்கியது. பிறகு இருபத்தொன்பது.

"அம்மா, ஆறிக்கினே போவுது" என்றாள் சந்தியா. அம்மா கமலா துண்டால் கூடையைப் போர்த்தினாள். போதவில்லை. பஸ்ஸுக்குள் தீ மூட்டவா முடியும்?

பின்சீட்டில் சாலம்மாள், பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கிக்கொண்டு போனாள். மூட்டையைப் பார்த்ததும் சந்தியாவுக்குப் பள்ளியில் டீச்சர் செய்து காட்டியது நினைவுக்கு வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல். இருபத்தைந்தில் இருந்த தண்ணீர் நாற்பத்தைந்துக்கு ஏறியது. கழித்தால் இருபது.

பாட்டில் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். பதினெட்டு. இருபதைக் கூட்டினால் முப்பத்தெட்டு!

டிரைவர் ராஜாங்கம் தன் பெரிய சோற்றுத் தூக்கைக் கழுவிக் கொடுத்தார். ஒரு லிட்டர் ஊற்றினார்கள். கல் போடுவது பெரியவர்கள் வேலை என்று சாலம்மாள் சந்தியாவைத் தள்ளி நிற்கச் சொன்னாள். முகத்தை விலக்கிக்கொண்டு ஒரு கைப்பிடி போட்டாள். மனசு கேட்கவில்லை. இன்னொரு கைப்பிடியும் போட்டுவிட்டாள்.

தண்ணீர் உஸ்ஸென்று இரைந்தது.

"இன்னா பெரிம்மா, ரெண்டு போட்டுட்டீங்க?"

"குளுருக்கு ஜாஸ்தியா இருந்தா இன்னா, பாப்பா?"

"நாப்பது ஏறும். பதினெட்டும் நாப்பதும் அம்பத்தெட்டு. அத்தை வூட்டுக்கு அவிச்ச முட்டைதான் போய்ச் சேரும்."

"உப்பு இருக்குது, தரட்டுமா?" என்றார் ராஜாங்கம்.

சந்தியா சிரிக்கவில்லை. கல்லைத் திரும்ப எடுக்க முடியாது. கண்ணை மூடி யோசித்தாள். சூடு இரண்டு பங்கு. அதைப் பகிர்ந்துகொள்ளத் தண்ணீரும் இரண்டு பங்கு இருந்தால்?

"அண்ணே, இன்னொரு லிட்டர் தண்ணி ஊத்துங்க. அப்போ ஏறுறது அதே இருபதுதான்."

தன் குடிதண்ணீரை அவர் மெதுவாக ஊற்றினார். இரைச்சல் அடங்கியதும் வெப்பமானியை நனைத்து எடுத்தார்கள். முப்பத்தெட்டு.

தூக்கை மூடி, துண்டு சுற்றி, முட்டைகளுக்கு நடுவே வைத்தார்கள். கூடை மெல்ல மெல்லக் கதகதத்தது.

மரத்தை அறுத்து வழிவிட்டபோது, ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம். பஸ்ஸே கூடைப் பக்கம் காதைச் சாய்த்தது. ராஜாங்கம் அதற்கப்புறம் ஹாரனே அடிக்கவில்லை.

அத்தையின் கோழி ஒரு முறை முறைத்துவிட்டு, பதினொன்றையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. மறுநாள் காலை அதன் வயிற்றடியில் பதினோரு மூக்குகள் எட்டிப் பார்த்தன.

உங்க வூட்டிலும் கதகதப்புக் குறையாமல், குஞ்சுகுளுவானோடு எல்லாரும் நல்லா இருங்க, கண்ணுங்களா.