எண் இல்லாத வரி

நாற்பது பேட்ஜ்களுக்குத்தான் வேல்விழி புரோகிராம் ஏற்றியிருந்தாள். லேப்டாப் திரையில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன.

நாற்பதும் அவள் கொடுத்த எண்களோடு வரிசையாக நின்றன. கடைசி வரியில் மட்டும் எண் போடும் இடம் காலி. அதன் எதிரே, மற்றவற்றைப் போலவே, 'அசைவில்லை' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மேசைமேல் கிடக்கிற பேட்ஜ் வேறெப்படிக் காட்டும்? தட்டில் இருந்தவற்றை எண்ணினாள். நாற்பது. இன்னொரு முறை எண்ணினாள். நாற்பதுதான்.

சாயப்பட்டறைகளில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்வதற்கான பேட்ஜ்கள் அவை. மாட்டியவர் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் பேட்ஜில் சிவப்பு விளக்கு மின்னும், மேலே நிற்கிறவருக்குத் தகவல் வந்துவிடும். திங்கட்கிழமை காலை இருநூறு பேட்ஜ் போயாக வேண்டும் என்பதால் மகளை வீட்டில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் தனியாக வந்திருந்தாள். அனுப்பர்பாளையத்தில் பழைய பாத்திரப் பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்து டேனியல் நடத்திவந்த சின்ன யூனிட் அது. பக்கத்து பனியன் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. தையல் மெஷின்களின் இரைச்சல் இல்லாத அந்தப் பிற்பகலில், கூரைத் தகரம் வெயிலில் நெளியும் சத்தமும், ஈயம் உருகிய வாசனைக்கு அடியில் எங்கிருந்தோ வந்த சாயத்தண்ணீரின் புளித்த வாடையும், மின்விசிறியால் சுவரில் வெட்டி வெட்டி ஓடிய நிழலும் மட்டுமே அவளுக்குத் துணையாக இருந்தன.

வேலை சுலபம். பச்சைப் பலகையை எடுத்து, ஊசிகள் துருத்தி நிற்கும் தாங்கியில் வைத்து, மூடியை அழுத்த வேண்டும். பதினோரு விநாடியில் புரோகிராம் உள்ளே போய்விடும். பிறகு பேட்டரி போட்டு எண் கொடுத்தால், கம்பி எதுவும் இல்லாமலே அது லேப்டாப்போடு பேசத் தொடங்கும். "அதுவரைக்கும் அந்தச் சிப்புக்கு வாயுமில்லீங்க, காதுமில்லீங்க. வெறும் தகடு," என்று டேனியல் முதல் நாள் சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் முனீஸ் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவனும் இப்படியொரு தொட்டிக்குள் இறங்கி மேலே வராதவன்தான். உசிலம்பட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அவளை அழவைக்கப் பார்த்து ஓய்ந்து போனார்கள். அன்றிலிருந்து எதுவும் உறைக்கவில்லை. டீ சுட்டு நாக்கு பொத்துப்போன பிறகுதான் அது சூடு என்று தெரியும். இந்த ஆர்டர் வந்தபோது, "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற ஆளப் பாத்துக்கறேனுங்க," என்று டேனியல் தயங்கினார். "செய்யிறேன் சார்," என்றாள். கஷ்டமாகவும் இல்லை. ஆறுதலாகவும் இல்லை.

போனை எடுத்து டேனியலைக் கூப்பிட்டாள்.

"சார், இங்கன ஒரு லைனு கூடுதலாக் காமிக்குது. நம்பர் இல்ல."

"பக்கத்துல யாரு போனாச்சும் இருக்குமுங்க." சற்று யோசித்தார். "இல்லீங்களே. நம்ம புரோகிராம் இருந்தாத்தானே அந்த லிஸ்ட்டுலயே வரும். ஒண்ணு பண்ணுங்க. முடிச்சதையெல்லாம் ஒரு எவர்சில்வர் போசிக்குள்ள போட்டு மூடீருங்க. உள்ளாற இருந்து சிக்னல் வராது. எது மிச்சம் நிக்குதுன்னு பாருங்க."

அலமாரியில் இருந்த பெரிய போசிப் பாத்திரத்தில் நாற்பதையும் கொட்டி மூடியை அழுத்தினாள். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி வரி அணையவில்லை.

வரியின் ஓரத்தில் ஓர் எண் உண்டு. தொண்ணூறுக்கு மேல் என்றால் பேட்ஜ் எங்கோ தூரத்தில் இருக்கிறது. முப்பது என்றால் கைக்கெட்டும் தூரம். முதலில் பார்த்தபோது அது தொண்ணூற்று நான்கு. இப்போது எண்பத்தெட்டு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்து மூன்று ஆனது.

தாங்கியில் பாதியில் நின்ற பலகையைக் கழற்றி வைத்தாள். புரோகிராம் ஏறாத மற்ற நூற்றைம்பத்தொன்பதும் உறை பிரிக்காமல் கிடந்தன. எதிலும் பேட்டரி இல்லை. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அறைக்குள் நடந்தாள். ஷட்டர் பக்கம் போனால் எண் ஏறியது. பின்கதவுப் பக்கம் போனால் இறங்கியது. எழுபத்தாறு. எழுபது. கதவைத் திறந்து பின்கட்டுக்கு வந்தபோது புளித்த வாடை முகத்தில் அடித்தது. வேப்ப நிழலில், பட்டறைக் காலத்துப் பாத்திரம் கழுவிய தண்ணீருக்கான தொட்டி. மேலே கடப்பைக்கல் மூடி. வாடகைக்கு வந்த நாளிலிருந்து யாரும் அதைத் திறந்ததில்லை.

அறுபத்திரண்டு.

அவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. காற்றும் இல்லை.

ஐம்பத்தேழு. ஐம்பத்து மூன்று.

திரையில் சிவப்பு எழுத்து மாறவே இல்லை. அசைவில்லை. அசையாமல் அது கிட்டே வந்துகொண்டிருந்தது.

பயம் இப்போது வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. கால்கள் மட்டும் தாமாகத் திரும்பி நடந்து, பட்டறையைக் கடந்து, ஷட்டருக்கு வெளியே தெருப்படியில் அவளை உட்கார வைத்தன.

அங்கிருந்தே மறுபடி போன் செய்தாள். கால் மணி நேரத்தில் டேனியல் பைக்கில் வந்து இறங்கினார். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"தொட்டிக்குள்ள யாராச்சும் பழைய போர்டு எதையாவது போட்டிருப்பாங்களோ என்னமோ. நீங்க இங்கயே இருங்க, நான் பாக்கறேன்."

"தனியாத் திறக்காதீங்க சார்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போசியைத் திறந்து ஒரு பேட்ஜை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "இத மாட்டிக்கிறேனுங்க. நீங்க பாத்துட்டே இருங்க. சரிங்களா?" போசியை மூடினார்.

திரையில் ஏழாம் எண் பேட்ஜின் வரி முளைத்தது. அசைவு. பச்சை. அவர் உள்ளே நடக்க நடக்க ஓரத்து எண் ஏறியது. ஐம்பது. அறுபது. எழுபத்தொன்று. கல் தரையில் உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது.

பிறகு சத்தம் இல்லை.

பச்சை. பச்சை. மனதுக்குள் எண்ணினாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

சிவப்பு.

"சார்."

எழுந்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஷட்டரைப் பிடித்துக் குனிந்து உள்ளே பார்த்தாள். உள்ளே செருப்புச் சத்தம். நிதானமான நடை. டேனியல் வெளியே வந்தார்.

"ஒண்ணுமே இல்லீங்க. தொட்டி காலி."

அவர் குரல்தான். அவர் சிரிப்புதான். சட்டைப் பையில் பேட்ஜ் இல்லை.

திரையைப் பார்த்தாள். ஏழாம் எண் எழுபத்தொன்றிலேயே நின்றது. எண் இல்லாத வரி நாற்பத்தாறு. டேனியல் ஓர் அடி வைத்தார். நாற்பது. இன்னோர் அடி. முப்பத்து மூன்று.

அசைவில்லை.

அவருடைய காலுக்கு அப்பால், பட்டறையின் இருட்டைத் தாண்டி, திறந்து கிடந்த பின்கதவு வழியாக, தரையோடு தரையாக ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். ஷட்டரை மெதுவாகக் கீழே இழுத்துப் பூட்டினார்.

"போலாங்களா? பாப்பா ஊட்டுல தனியா இருக்குமல்லங்க."

வேல்விழி ஓர் அடி பின்னால் போனாள்.

"நீங்க வராட்டியும் பரவால்லீங்க. நான் போயிப் பாத்துக்கறேன்."

பைக் ஸ்டார்ட் ஆனது. அதைப் பாப்பாவிடம் தனியாகப் போகவிட முடியாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவினாசி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் அவர்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முன்னால் இருந்த முதுகு மூச்சுக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏழாம் எண் எப்போதோ அணைந்துவிட்டது. மிச்சம் ஒரே வரி. இருபத்தொன்று.

டேனியல் ஒருநாளும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. திருமுருகன்பூண்டியில், வழி கேட்காமலே, பாதி செதுக்கிய சிலைகள் நிற்கும் சந்துக்குள் வண்டி திரும்பியது. லைன் வீடுகளின் கடைசி வாசலில் உட்கார்ந்திருந்த பாப்பா எழுந்து கையை ஆட்டினாள்.

ஹேண்டில் பாரிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அதுவும் ஆட்டியது.

மடியில் சிவப்பு எழுத்து. அசைவில்லை.