கொக்கின் குடையில் ஒரு கோடு

“ஐயோ... ரூபர்ட்!”

இங்கிலாந்தின் பாத் நகரில் அந்த அமைதியான தெருவையே உலுக்கிய அலறல்!

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தபோது, மாடிப்படியின் அடியில் கிடந்தார் ரூபர்ட் ஆஷ்வெல். கழுத்து கோணலாகத் திரும்பியிருந்தது. உயிர் இல்லை.

அரை மணி நேரத்தில் வந்து நின்றாள் இன்ஸ்பெக்டர் ஹெஸ்டர் ப்ராம்லி. அவள் கண்கள் பிணத்தை விட்டு மெல்ல மேலே ஏறின.

கணப்புக்கு மேலே, சுவரில்... வெறும் ஆணி!

“இங்க என்ன மாட்டியிருந்தது, மிசஸ் ஆஷ்வெல்?”

மனைவி ஃபிலிப்பா மூக்கைச் சிந்தினாள்.

“எங்க கொள்ளுத்தாத்தா வரைஞ்ச மைச் சித்திரம். விக்டோரியா ராணி காலத்துக் குழந்தைகள் புத்தகத்துக்காக வரைஞ்சது. தொப்பி போட்ட கொக்கு ஒண்ணு குடையோட நிக்கும். எனக்கு சீதனமா வந்தது.”

“யார் மேலயாவது சந்தேகம்?”

“பாஸ்கோதான்! பழைய படங்கள் விக்கிறவன். குடுங்க குடுங்கன்னு ரெண்டு வருஷமா நச்சரிச்சான். திருட வந்திருப்பான்... இவர் தடுத்திருப்பார்... தள்ளி விட்டுட்டான்!”

ஹெஸ்டர் கதவைப் பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

‘சாவி வச்சிருக்கிற திருடனா...?’

“மேடம்!” சார்ஜன்ட் யேட்மன் கணப்புக்குள்ளிருந்து கரி படிந்த கையை நீட்டினான். “பாதி எரிஞ்ச காகிதம். கொக்கு மாதிரி தெரியுது.”

“ஏன்யா... கொலை பண்ணித் திருடினவன், திருடின வீட்டுலயே அதை எரிச்சுட்டா போவான்?”

ஃபிலிப்பாவின் விசும்பல் சட்டென்று நின்றது. ஹெஸ்டர் அதைக் கவனித்தாள்.

அலமாரியில் அந்தப் பழைய புத்தகம் இருந்தது. எடுத்தாள். கொக்குப் பக்கத்தைப் பிரித்தாள். குடையின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு!

எரிந்த துண்டிலும்... அதே குடை. அதே கோடு!

“இந்தக் கோடு என்ன?”

“அ... அச்சடிக்கிறப்ப, படத்தைச் செதுக்கின மரக்கட்டை விரிசல் விட்டதா சொல்வாங்க.”

“சரி. முதல்ல தாத்தா காகிதத்துல வரைஞ்சார். அப்புறம்தான் அதைப் பாத்துக் கட்டையில செதுக்கினாங்க. கடைசியிலதான் கட்டை விரிஞ்சது. அந்த விரிசல் தாத்தாவோட காகிதத்துல எப்படி வரும்?”

ஹெஸ்டர் எரிந்த துண்டை அவள் முன்னே நீட்டினாள்.

“எரிஞ்சது போலி, மிசஸ் ஆஷ்வெல். புத்தகத்தைப் பாத்துக் காப்பி அடிச்சது. சின்ன வயசுலேர்ந்து அசலைப் பாத்து வளர்ந்த உங்களுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கும். இல்லையா?”

ஃபிலிப்பா புத்தகத்தைப் படக்கென்று மூடினாள்.

“வித்துட்டாரு...” குரல் உடைந்தது. “எங்க தாத்தாவை வித்துட்டு, ஆணியில பொய்யைத் தொங்கவிட்டாரு! காலையில பாத்ததும் வயிறு எரிஞ்சுது. மாடியில வச்சுக் கேட்டேன். ‘நாளை வரைக்கும் பொறுடி’ன்னு சிரிச்சாரு... சிரிச்சாரு! தள்ளிட்டேன். போலியை விட்டு வச்சா என் கோபத்தைக் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு எரிச்சேன்.”

டிங்... டாங்!

அழைப்பு மணி!

யேட்மன் கதவைத் திறந்தான். பெரிய பார்சலோடு, சிவந்த முகத்துடன் ஒருவர்.

“இவன்தான் பாஸ்கோ!” பாய்ந்தாள் ஃபிலிப்பா. “என் படத்தை எவ்வளவுக்குடா வாங்கினே?”

“வாங்கினேனா?” பாஸ்கோ திகைத்தார். “நான் கேட்டா ரூபர்ட் அடிக்க வருவாரேம்மா! நாளைக்கு உங்க பிறந்தநாளாமே. பழைய சட்டம் உளுத்துப் போச்சு, ஓக் மரத்துல புதுசு போட்டுத் தாங்கன்னு கொடுத்தார். அதுவரைக்கும் நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னு, முன்னாடியே புத்தகத்தைப் பாத்து ஒரு காப்பியும் பண்ணச் சொன்னார்... அடடா, ரகசியத்தை உளறிட்டேனே! ஆமா, அவர் எங்கே?”

ஹெஸ்டரின் பார்வை மாடிப்படியின் அடிக்குப் போய்த் திரும்பியது.

ஹெஸ்டர் பார்சலைப் பிரித்தாள். பளபளக்கும் மரத்துக்குள்ளே கொக்கு கம்பீரமாக நின்றது. குடையில் கோடே இல்லை!

ஃபிலிப்பா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

யேட்மன் விலங்கை எடுத்தான்.

“இரு, யேட்மன்!” என்றாள் ஹெஸ்டர். “புருஷன் ஆசையா போட்டுக் கொடுத்த சட்டத்தை ஒரு தடவை கண்ணாரப் பாத்துக்கட்டும்... அப்புறம் நம்ம சட்டத்துல மாட்டிடலாம்!”