கீழுதடு

டீ சட்டையில் சொட்டியபோதுதான் கீழுதட்டில் உணர்ச்சியே இல்லை என்பது எழிலனுக்குத் தெரிந்தது.

சிதம்பரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாள் அவன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான் வேலை. மரத்துப்போன உதடுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன். ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்கள் எதிர்க் கடையில் ஜூஸ் வாங்கிக் குடித்து, மோவாயெல்லாம் வழியவிட்டு, வழிவது தெரியாமலே அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது அவன் பொறுப்பு. இன்றைக்கு அவனுக்கே வழிகிறது, ஊசி போட்டவர்தான் யாரும் இல்லை.

டாக்டர் பிரிசில்லா அவனை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை முகத்துக்கு நேராக இழுத்துவிட்டு, உதட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏதாவது குத்திக்கிட்டீங்களா எழிலன்?"

"இல்ல மேடம்."

"உள்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. நேரா வெளியிலயும் இருக்கு. ரத்தமே இல்ல. பழைய காயம் மாதிரி ஆறிப்போயிருக்கு." கம்பி முனையால் தொட்டார். "வலிக்குதா?"

"நீங்க எங்க தொடறீங்கன்னே தெரியல மேடம்."

நாளைக்கும் இப்படியே இருந்தால் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி, நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் பயப்பட வேண்டும் என்று நினைத்தான். பயம் வரவில்லை. போன வருஷம் மச்சான் செத்ததிலிருந்து அவனுக்கு எதுவும் முழுசாக வருவதில்லை. சோறு சோறாகத்தான் இருக்கிறது, ருசி மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

மச்சான் கலியமூர்த்தி, மனைவி இசைவாணியின் தம்பி. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தபோது மூட்டை முடிச்சோடு ஒரு ஸ்பின்னரும் கொண்டுவந்தான். வேப்பிலை அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு, அதைத் தாங்க ஒரு கம்பி, கம்பிக்கு அடியில் முள். தூண்டில் நரம்பில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்தால் தகடு சுற்றிச் சுற்றி மின்னும், குஞ்சு மீன் ஓடுகிறது என்று நினைத்து விரால் பாயும். வீராணம் ஏரியின் ஆழத்துக்கு இது பற்றாது என்று கலியமூர்த்தி ஈயத்தை உருக்கிக் குண்டு பிடித்துக் கம்பியில் ஏற்றினான். போதாததற்கு முள்ளில் உயிரோடு ஒரு கெண்டைக் குஞ்சையும் கோர்த்தான்.

"முதுவுல குத்தினா சீக்கிரம் செத்துடும் மாமா. கீழ் உதட்டுல கோக்கணும். அப்பதான் உயிரோட துள்ளிக்கிட்டே கெடக்கும். அது துள்ளறதப் பாத்துத்தான் பெருசு வரும்" என்பான். கோர்ப்பதற்கான குஞ்சுகளை முன்கூட்டியே பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பான். அவையும் தாங்கள் எதற்கு என்று தெரியாமல் பானையைச் சுற்றிச் சுற்றி வரும்.

போன ஐப்பசியில் அவனும் சொன்னான், உதடு மரத்துக் கிடக்கிறது, தூங்கும்போது நீதான் ஊசி போட்டுவிட்டாயா மாமா என்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாரமே ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் எழிலன் அவனைத் தேடி ஏரிக்குப் போனபோது, கலியமூர்த்தி மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கையைத் தூக்கி வா வா என்று கூப்பிட்டான். எழிலன் இறங்கி ஓடினான். கை எட்டுகிற தூரத்தில் ஆள் மூழ்கிவிட்டான். மறுநாள் மதகுப் பக்கம் மிதந்தான். கீழுதட்டில் ஓட்டை இருந்தது. மீன் கொத்தியிருக்கும் என்றார்கள்.

ஸ்பின்னர் கரையிலேயே கிடந்தது. தம்பி நினைவாக இருக்கட்டும் என்று இசைவாணிதான் அதைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

எழிலன் வீட்டுக்குள் நுழைந்தபோது கரண்ட் இல்லை. இந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. மழைக்காக ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்க, கூடத்தில் மண்ணெண்ணெய் வாசனையும், ஈரத்துணி வாசனையும், அவற்றுக்கு அடியில் இன்னதென்று உடனே பிடிபடாத ஒரு பாசி வாசனையும் தேங்கி நின்றன. மின்விசிறி நின்றிருந்தது. காலண்டர் தாள்கூட அசையவில்லை. சுவரில் டிக், டிக் என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது.

ஆணியில் தகடு சுற்றிக்கொண்டிருந்தது.

காற்றில் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. தண்ணீருக்குள் யாரோ நிதானமாக இழுக்கும்போது எப்படிச் சுற்றுமோ அப்படி, ஒரே சீராக, கம்பியில் தட்டித் தட்டிச் சுற்றியது. எழிலன் விரலால் பிடித்தான், நின்றது. விட்டான், சுற்றியது. அது சுற்றச் சுற்ற அவன் உதடு ஏரி இருக்கும் மேற்குப் பக்கமாகத் துடித்துத் துடித்து இழுத்தது. வலி இல்லை. யாரோ அடுத்தவர் சட்டையைப் பிடித்து இழுப்பதைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

"என்னா மாமா, கொழந்த மாதிரி வடியுது?" இசைவாணி அடுப்படியிலிருந்து வந்து முந்தானையால் அவன் மோவாயைத் துடைத்தாள். அவள் கையில் வெங்காய வாசனை. அந்த வாசனை மட்டும் அவனுக்கு முழுசாக வந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாகப் பயமும் வந்தது, தனக்காக இல்லை, இவளுக்காக.

ஸ்பின்னரை ஆணியிலிருந்து கழற்றினான். "இத ஏரியிலயே போட்டுட்டு வந்துடறேன் வாணி."

"அது தம்பிது."

"வேணாம். வீட்டுல வேணாம்."

அவன் முகத்தைப் பார்த்தவள் அதற்கு மேல் ஏன் என்று கேட்கவில்லை. "போட்டுட்டு ஒடனே வா. இருட்டப் போவுது."

"நான் வர நேரமானாலும் நீ அந்தப் பக்கம் வரக் கூடாது."

"வராம? ஒருத்தன அந்தத் தண்ணிக்குக் குடுத்தது போதும். நீ வரலன்னா நானே வந்து ஒன்ன இழுத்தாருவேன், ஆமா" என்றாள். இசைவாணி சொன்னால் செய்கிறவள். அதுதான் அவனுக்கு வேகம் கொடுத்தது. இருட்டுவதற்குள் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. வடக்கே மேகத்தின் அடியில் நெய்வேலி வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது, நமக்கு இல்லாத கரண்டெல்லாம் அங்கே எரிகிறது. கரைச்சரிவில் நாணல் ஈரமாகக் காலைத் தடவ, மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் கூடிக் குறைந்து கேட்க, அழுகின பாசியும் சேறும் கலந்த அந்த வாசனை இங்கே தன் சொந்த வீட்டில் இருப்பதைப் போல எங்கும் நிறைந்திருக்க, எழிலன் படித்துறையின் கடைசிப் படியில் நின்றான். கையில் ஸ்பின்னர் கனத்தது. கையை நன்றாகப் பின்னுக்கு வாங்கி வீசினான்.

தகடு ஒருமுறை மின்னியது. தொப்பென்று விழுந்தது. ஈயம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அப்பாடா என்றிருந்தது.

திரும்பி முதல் படி ஏறும்போதுதான், தான் செய்தது என்ன என்று அவனுக்கு உறைத்தது. எறிந்துவிட வந்தவன், தூண்டில் வீசுகிற மாதிரியே வீசியிருக்கிறான். முள்ளில் இரை இல்லை.

உதடு இழுபட்டது.

தலை பின்னால் திரும்பியது. உடம்பும் திரும்பியது. விரலை உதட்டுக்குக் கொண்டுபோனான். ஒரு தூண்டில் நரம்பு தட்டுப்பட்டது. மெல்லியது. விறைப்பாக இருந்தது. உதட்டில் தொடங்கித் தண்ணீருக்குள் போனது. கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான். உள்ளங்கை கிழிந்தது. நரம்பு அறுபடவில்லை.

ஒரு படி. இன்னொரு படி. முழங்கால். இடுப்பு.

குளிர் தெரியவில்லை. கால் சேற்றில் புதைவது தெரியவில்லை. மார்பளவு வந்ததும் இழுப்பு நின்றது.

மூழ்கடிக்கவில்லை. அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது. ஏன் என்று யோசித்தான். யோசிக்க வேண்டியதே இல்லை, பதில் அவனுக்குத் தெரியும். இரை செத்துவிடக் கூடாது.

கலியமூர்த்தியைப் பார்த்து எழிலன் பாய்ந்து வந்தான், மாட்டிக்கொண்டான். அன்றைக்கே. ஒரு வருஷம் வீடும் ஆஸ்பத்திரியுமாகச் சுற்றிச் சுற்றி வந்தான். பானைத் தண்ணீரில்.

கரைமேல் டார்ச் வெளிச்சம் வந்தது.

"மாமா! எங்க இருக்கற?"

கத்த வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடவில்லை. வார்த்தை வரவில்லை. காற்று மட்டும் வந்தது. சரி. அசையாமல் இருப்போம். துள்ளாத இரையை எதுவும் தேடி வராது. இருட்டில் மரக்கட்டை மாதிரி நின்றால் போதும். பார்க்க மாட்டாள். போய்விடுவாள். போய்விடு வாணி. மூச்சைப் பிடித்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

நரம்பு சுண்டப்பட்டது. லேசாக. தூங்குகிற இரையை எழுப்ப எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

அவன் வலது கை தண்ணீரை விட்டு மேலே வந்தது. அவன் தூக்கவில்லை. இன்னொரு சுண்டல். கை மடங்கியது. நீண்டது. மடங்கியது.

வா. வா. வா.

டார்ச் வெளிச்சம் அலைந்து அவன் முகத்தில் வந்து நின்றது. கண்ணால் வேண்டாம் என்றான். மச்சான் கண்ணும் அன்றைக்கு இப்படித்தான் விரிந்திருந்தது. முழுகப் போகிறவன் பயம் என்று அப்போது நினைத்தான்.

"இரு மாமா! அசையாத! இதோ வந்துட்டேன்!"

அவள் டார்ச்சை ஏரியைப் பார்க்கப் படியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். அவன் கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. முதல் படி. இரண்டாம் படி. அவள் பாதம் தண்ணீரைத் தொட்டது. அவன் வயிற்றுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், வெள்ளையாக ஒன்று மெல்ல மெல்லச் சுற்றி மின்னத் தொடங்கியது.