அந்திவெள்ளியும் மாதப்பன் எண்ணும்

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஆறு மணிக்குக் கூத்தாடிப்பாறை மேட்டில் எல்லாக் கைபேசிகளும் ஒன்றாகக் கூவும். அன்றுதான் முளை எண் வரும். அறுபது என்று வந்தால், வீட்டில் நூறு படி சாமை விதை வைத்திருப்பவர் அறுபது படி விதைப்பார். தொண்ணூறு என்றால் தொண்ணூறு படி. வானத்தை அண்ணாந்து பார்த்து மழையைக் கணிக்கிறவர் யாராவது மிச்சமிருந்தால் அவரை ஊரே கேலி செய்யும்.

அந்த எண்ணைச் சொல்வது அந்திவெள்ளி. முழங்கால் உயரம்கூட வராத செடி அது. வைகாசித் தூறலில் முளைத்து, ஆடியில் பூத்து, விதை முற்றியதும் செத்துப்போகும். மொத்த ஆயுளே தொண்ணூறு நாள்தான். மாலை ஐந்தே முக்காலுக்கு மொட்டுகள் படக்கென்று விரியும். நீள நாக்கு அந்துப்பூச்சிகள் வந்து தேன் குடித்துவிட்டுப் போகும். விடிந்ததும் வெள்ளை இதழ்கள் சிவந்து சுருண்டுவிடும். இதன் விதை மழையை முன்கூட்டியே அறியும் என்று பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு யாரோ கண்டுபிடித்தார்கள். உடனே குறி நிலையம் வந்தது. மழைக்குறிப் பெட்டியில் அந்த வருடத்து மண்ணை நிரப்பி, இருநூறு விதைகளை ஈரத்தில் வைத்தார்கள். ஒன்பது நாளில் எத்தனை முளைத்தன என்று பெட்டிக்கு மேலிருக்கும் எண்ணுவிழி எண்ணும். நூற்றுக்கு எத்தனையோ, அதுதான் முளை எண்.

குறி நிலையத்தின் விதைப் பொறுப்பாளர் நாகஜோதி. நாற்பத்தாறு வயது. பிடித்த பிடியை விடமாட்டார் என்று நிலையத்தில் அவருக்குப் பெயர். ஒன்பது நாளில் முளைக்காத விதை மலட்டு விதை, அதைக் கொட்டிவிட வேண்டும் என்ற விதியை எழுதியவரும் அவரேதான். முளைத்தவற்றை மட்டும் வளர்த்து, அடுத்த வருடத்துக்கு விதை எடுத்தார்கள். முதல் வருடம் ஐம்பத்திரண்டாக இருந்த எண் ஏறிக்கொண்டே வந்து, போன வருடம் தொண்ணூற்றொன்றைத் தொட்டது. மேட்டுக்கே நல்ல காலம் பிறந்துவிட்டதாக ஜனங்கள் பூரித்துப் போனார்கள். காலியான விதைக் குதிர்களில் கோழி அடைத்தார்கள்.

இந்த வருடம் ஒத்திகைக்கு வைத்த சோதனைப் பெட்டி அறிவிப்புக்குப் பத்து நாள் முன்பு தொண்ணூற்றெட்டு காட்டியது. அன்று மாலை நாகஜோதி கைகழுவப் பின்பக்கம் போனார். மலட்டு விதை கொட்டும் பாறை இடுக்கில் அந்திவெள்ளி பூத்துக் கிடந்தது. அங்கே வேறு விதை வர வழியே இல்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தார். முளைக்காத விதைகள் இன்னும் ஏராளமாக இருந்தன. நாலைந்தை நகத்தால் கீறினார். உள்ளே பருப்பு வெள்ளையாக, உயிரோடு இருந்தது.

அவருக்கு விஷயம் புரிந்தது. இவை மலடு இல்லை. காத்திருந்தவை. ஒரே பருவத்தில் வாழ்ந்து சாகிற செடி தன் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மழையை நம்பி அனுப்பாது. பாதியை அனுப்பும், பாதியை மண்ணில் நிறுத்தி வைக்கும். தூறல் ஏமாற்றினால் நிறுத்தியது பிழைக்கும். அந்தப் பொறுமைசாலிகளைத்தான் பன்னிரண்டு வருடமாக அவர் பொறுக்கிப் பொறுக்கி வெளியே கொட்டியிருக்கிறார். பெட்டியில் மிஞ்சியிருப்பவை தண்ணீர் பட்டாலே முளைக்கிற அவசரக் குடுக்கைகள். அவற்றின் பேச்சைக் கேட்டு மேட்டு ஜனம் இருக்கிற விதையை எல்லாம் ஒரே நாளில் இறைக்கப் போகிறது. மழை பொய்த்தால் மறுவிதைப்புக்கு ஒரு பிடி கிடைக்காது.

நிலையத் தலைவர் திம்மராஜிடம் அப்போதே போய்ச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது முறை எண் பலித்திருக்கிறது என்றார். தொண்ணூற்றெட்டு வரும் என்று மேலிடத்துக்குத் தகவலும் போய்விட்டது என்றார். கடைசியாக, கொஞ்சம் தணிந்த குரலில், "விதிய எழுதுனதே நீங்கதானே, நாகஜோதி. இப்ப நீங்களே வந்து தப்புன்னா எப்படி?" என்று கேட்டார்.

"நான் எழுதுனதாலதான் சார் தப்புன்னு சொல்ற கடமை எனக்கு இருக்கு."

பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாள் அறிவிப்புப் பெட்டிக்கு விதை போடும்போது, நிலையத்து விதையை ஒதுக்கிவிட்டுப் பாறை இடுக்கிலிருந்து அள்ளிய மண்ணைச் சலித்து இருநூறு விதைகளைப் போட்டார். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டிருந்தார்.

எண் நாற்பத்து நான்கு என்று வந்தது. மேடு கொதித்தது. கிழக்குக்காட்டு மாதப்பன் நேராக நிலையத்துக்கே வந்து சண்டை பிடித்தார். வாயாடி மனிதர், நாலு ஏக்கர் சாமைக்காரர். நாகஜோதி அவரைப் பாறைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப இந்தச் செடிக்கு மழ வர்றது தெரியாதுங்களா, மேடம்?"

"தெரியாது. தெரியாததாலதான் பாதிய கையில வெச்சிக்குது."

மாதப்பன் சற்று யோசித்துவிட்டு, இதைச் செய்ய ஒரு பெட்டி எதற்கு, தன்னாலேயே முடியுமே என்றார். நாகஜோதிக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

ஆடித் தூறல் ஏமாற்றியது. முளைத்த சாமை முழுவதும் கருகிப்போனது. ஆவணிக் கடைசியில் நல்ல மழை இறங்கியபோது எல்லோர் வீட்டிலும் பாதிக்கு மேல் விதை இருந்தது. மறுபடி விதைத்தார்கள், மேடு பிழைத்தது.

நாகஜோதி தானே போய் விதை மாற்றியதை ஒப்புக்கொண்டார். திம்மராஜ் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ பரவசமாகிவிட்டார். இந்த வருடம் முளைக்காமல் இருந்த நூற்றுப் பன்னிரண்டு விதைகள்தான் உண்மை சொன்னவை, இனி அவற்றை மட்டும் வளர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். முளைத்த எண்பத்தெட்டும் பொய் சொன்ன விதைகளாம். நாகஜோதி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எடுத்துச் சொன்னார். அதற்குப் பரிசாக அவரிடமிருந்து பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உண்மை விதைகளின் தோலைச் சுரண்டி வலுக்கட்டாயமாக முளைக்க வைத்து, அடுத்த ஆடிக்கு விதை எடுத்தார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. நிலைய வேலை முடிந்ததும் மேட்டில் ஒவ்வொரு வீடாகப் படியேறி, எண் என்ன வந்தாலும் பாதியை விதையுங்கள், பாதியை வையுங்கள் என்று சொல்லிவந்தார். பத்து மாதத்தில் முந்நூறு வீடு. காப்பி கொடுத்து அனுப்பினார்கள். மாதப்பன் ஒருவர்தான் கேட்டார்.

அடுத்த ஆடியில் பெட்டியில் ஒரு விதைகூட அசையவில்லை. முளை எண் பூஜ்யம். அன்று மதியமே மழை பிடித்தது, ஆறு நாள் விடாமல் பெய்தது. அந்த அருமையான மழையை ஊரே வாசலில் உட்கார்ந்து பார்த்தது. விதைத்தவர் மாதப்பன் ஒருவரே.

அறுப்புக்கு முன்பு திம்மராஜ் ஆட்களோடு கிழக்குக்காட்டுக்கு வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று மாதப்பன் சத்தியம் செய்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள். கையடக்கக் கருவிகளால் அவரைச் சுற்றி அளந்தார்கள். பெட்டியிலிருந்த எண்ணுவிழியைக் கழற்றி அவர் வயல் மூலையில் கம்பம் நட்டு மாட்டினார்கள். இனி ஆடிப் பதினெட்டு காலை ஐந்தரைக்குள் மாதப்பன் தன் விதையில் நூற்றுக்கு எத்தனை பங்கு விதைக்கிறாரோ, அதுவே ஆறு மணிக்கு மேட்டுக்கு எண்.

நாகஜோதி இதை எதிர்க்கவில்லை. எப்படியோ வருடா வருடம் ஐம்பது என்று வந்தால் சரி, ஜனங்கள் அதைக் குறி என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு.

அடுத்த ஆடிப் பதினெட்டு அன்று காலை ஐந்தேகாலுக்கு அவர் கிழக்குக்காட்டுக்குப் போனபோது, முந்தின மாலை பூத்த அந்திவெள்ளி வரப்பில் சுருளத் தொடங்கியிருந்தது. மாதப்பன் வயலில் இறங்காமல் விதைக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். இன்னொரு கையில் கைபேசி. முகம் வெளுத்திருந்தது.

"ஏன் நிக்கிறீங்க?"

"இத்தன குடும்பம் என் கையப் பாக்குதுங்க, மேடம். தப்பாயிட்டா? அதான் எண்ணு வரட்டும்னு நிக்கிறேன். வந்ததும் அது சொல்ற மாதிரியே போட்டுர்றேன்."

கம்பத்தின் மேலே எண்ணுவிழி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மேட்டில் முந்நூறு வீட்டிலும் விளக்கு எரிந்தது. மேற்கே மேகம் கூடிவந்தது. நாகஜோதி செருப்பைக் கழற்றினார். கூடையை அவர் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் இறங்கினார். வாழ்நாளில் ஒருமுறைகூட விதைத்ததில்லை. முதல் பிடி கோணலாகத்தான் விழுந்தது.

ஐந்தரைக்குச் சற்று முன்பு பாதிக் கூடை காலியானதும் கரையேறினார். சரியாக ஆறு மணிக்கு மாதப்பனின் கைபேசி கூவியது. அவர் படித்துவிட்டு, மூச்சை விட்டு, மீதி விதையைத் துணியில் முடிந்தார்.

"ஐம்பதுதாங்க வந்திருக்கு, மேடம்," என்றார், கும்பிடாத குறையாக. "எப்படித்தான் அதுக்குத் தெரியுதோ."