ஆள் குறைந்த ஊர்

புயல் எச்சரிக்கை வந்ததும் இன்று காலையிலேயே எங்கள் ஊரில் பந்தல் போட்டுவிட்டார்கள். மூன்று அண்டா பிரியாணி. வேனிலும் டிராக்டரிலும் மீன் லாரியிலும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். விளக்குக் கம்பத்து ஒலிபெருக்கி, "உடனே வெளியேறுங்கள், உடனே வெளியேறுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் பந்திப்பாய் விரித்திருந்தது.

"எத்தன பேரு வந்திருக்கீங்க சித்தப்பா?"

"ஒம்போது. கைக்கொழந்தையச் சேர்த்தா பத்து."

"சேர்க்காம பின்ன? அதுக்கும் ஒடம்புச் சூடு இருக்குல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கடலுக்குள் வரிசையாக நிற்கிற இருபத்தாறு தூண்களுக்குப் புயல்திருப்பி என்று பெயர். ஆழத்துத் தண்ணீரை மேலே இறைத்துக் கடலைக் குளிரவைத்து, புயலின் கண்ணை ஐந்தாறு கிலோமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். நிறுத்தத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். எங்கே தள்ளுவது என்பதைக் கம்பங்களில் இருக்கிற ஆளெண்ணிகள் சொல்லும். உடம்புச் சூட்டை வைத்து ஊரில் எத்தனை உயிர் என்று அவை எண்ணும். ஆள் குறைந்த ஊருக்குப் புயல் போகும். மாலை ஆறு மணிக்கு முடிவு. அப்புறம் தூண்களாலேயே மாற்ற முடியாது, சாலையிலும் வண்டி ஓடாது.

நல்லதுக்குத்தான் செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரான சின்னமேட்டில் சொன்ன பேச்சைக் கேட்டு எல்லோரும் வெளியேறினார்கள். நாங்கள் சோம்பலில் வீட்டிலேயே கிடந்தோம். புயல் அங்கே போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று செய்தியில் பாராட்டினார்கள். ஒரு கூரைகூட மிஞ்சவில்லை என்று ரோஸ்லின் சொன்னாள். அவள் அந்த ஊர்க்காரி, என் வகுப்பு. அவள் அப்பாவின் படகு தென்னை மரத்து மேலே கிடந்ததாம்.

அன்றிலிருந்து இரண்டு ஊரும் ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டன. கிளம்பினால் அழிவு. அதனால் எச்சரிக்கை வந்ததும் இங்கேயும் அங்கேயும் ஆள் சேர்ப்பார்கள். அரசாங்கம் அனுப்பும் பேருந்துகள் காலியாக வந்து காலியாகத் திரும்பும்.

அக்காவைக் காரைக்காலிலிருந்து கூட்டி வந்ததும் அதற்காகத்தான். நிறைமாதம். ஆளெண்ணி அவளை இரண்டாக எண்ணும்.

மூன்று மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. அப்போது என் போனில் எங்கள் ஊர் 1,307, சின்னமேடு 1,305.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே படகுக் கயிறு கட்டியிருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் குணாளன் மாமா நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா தணிகாசலம், இன்னிக்குப் பாத்தா?"

"புள்ள நம்மளக் கேட்டுக்கிட்டா வருது?" என்றார் அப்பா. "தண்ணி ஒடஞ்சிருச்சு மாமா. கொழந்த தலகீழா இல்ல, நேரா உக்காந்திருக்குன்னு டாக்டரம்மா போன வாரமே சொல்லிச்சு. இங்க வச்சுப் பாக்க முடியாது."

மாமா விரல் மடக்கினார். "அவ ரெண்டு. கூட யாரு?"

அம்மா பையைத் தூக்கினாள். மாமாவின் மடங்கின விரல்களைப் பார்த்தாள். பிறகு பையை என் கையில் கொடுத்தாள். "ஒருத்தர்தான் போகணும். ஆஸ்பத்திரியில எழுதிப் படிக்கத் தெரிஞ்சவ வேணும். நீ போடி."

"மூணு கொறயும்" என்றார் மாமா. "சரி, மாயவரத்து வேன் வந்துக்கிட்டிருக்கு. பதினோரு பேரு. போயிட்டு வாங்க." கயிற்றை அவரே அவிழ்த்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் அக்காவை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன்தான், மயக்க மருந்து டாக்டர் வந்து சேர ராத்திரியாகும் என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். எங்கள் ஊர் 1,304. சின்னமேடு 1,305.

ஐந்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "வேன் வந்துருச்சாப்பா?"

"வரல. வழியில புளியமரம் விழுந்து மாட்டிக்கிச்சாம்."

"அப்ப எல்லாரும் கெளம்புங்கப்பா! இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே!"

"கெளம்புறதா? ஒருத்தன் நகந்தா இன்னும் கொறயும்னு கயித்த எடுத்துட்டுச் சங்கிலி போட்டுட்டாங்க." பின்னால் பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா குரலைத் தாழ்த்தினார். "நீ அக்காவப் பாத்துக்க. நல்லாப் படி."

நல்லாப் படி என்று அப்பா என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை.

போனை மறுபடி பார்த்தேன். 1,304. 1,305. பிறகு ரோஸ்லினுக்கு எழுதினேன். "அக்காவுக்கு ஆபரேஷன். அம்மாவால வர முடியல. தனியா இருக்கேன். ரொம்ப பயமா இருக்குடி. நீயும் உங்கம்மாவும் வர்றீங்களா?"

எழுதினதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

பதில் உடனே வந்தது. "ரோட்டுல விடமாட்டாங்க. சவுக்குத் தோப்பு வழியா வர்றோம். அழாதடி."

ஐந்து நாற்பத்தெட்டுக்குச் சின்னமேடு 1,304 ஆனது. ஐம்பதுக்கு 1,303.

எங்கள் ஊர் 1,304.

ஆறு மணிக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது. வரைபடத்தில் சிவப்புக் கோடு மெதுவாக வளைந்து சின்னமேட்டின் மேல் போய் நின்றது. அடுத்த நிமிஷம் அப்பா கூப்பிட்டார். பின்னால் விசில் காதைக் கிழித்தது.

"தப்பிச்சோம்டி! அந்தப் பக்கம் எவனோ ரெண்டு பேரு ஓடிட்டானுங்க, கோழைப்பசங்க! எல்லாம் நம்ம நல்ல நேரம்!"

ஏழு மணிக்கு ரோஸ்லினும் அவள் அம்மாவும் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்கள். பாதி தூரம் யாரோ ஒருவரின் பால் வண்டியில், ஆறு மணிக்கு வண்டி நின்றதும் மீதி நடை. ரோஸ்லின் துப்பட்டாவுக்குள்ளிருந்து நசுங்கின ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தாள். "காலைல இருந்து நீ ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்ட, எனக்குத் தெரியும்."

அவள் அம்மா என் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "அம்மா வரலன்னா என்னடி, நான் இல்ல?" அந்தப் புடவையில் கடல் வாசனை அடித்தது.

எட்டரைக்கு அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது ரோஸ்லினின் அம்மாதான் முதலில் கையில் வாங்கினார், நெற்றியில் சிலுவை போட்டார்.

இப்போது மணி பதினொன்று. ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்துவிட்டது. அக்கா தூங்குகிறாள். என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ரோஸ்லினின் போன் மழையில் நனைந்து வரும் வழியிலேயே அணைந்துபோயிருந்தது. அதைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

"நாங்க ரெண்டு பேருதான வந்தோம். பெருசா ஒண்ணும் கொறஞ்சிருக்காதுல்ல?"

நான் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"சார்ஜர் வச்சிருக்கியாடி? அப்பாவும் தம்பியும் அங்கதான் இருக்காங்க. வந்து சேந்துட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிடுறேன்."

சார்ஜர் பையில்தான் இருந்தது.

இல்லை என்றேன்.