இரண்டாவது பெட்டியைத் தொடாதீர்கள்!

பேராசிரியர் பூமிநாதன் ஷாக்கடித்துச் செத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

கிர்ர்ர்ர்...!

காரைக்குடி போலீஸ் ஸ்டேஷனில் அலறிய போனை எடுத்தார் இன்ஸ்பெக்டர் செம்மலை. "கண்டனூர் கல்யாணத்துக்கு வர முடியாது... கொலைக் கேஸு!"

வைத்தார்.

எதிரே நபீஸா. கல்லூரி பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

கம்பிக்குப் பின்னால் லேப் அட்டெண்டர் கோட்டைச்சாமி.

"கீழ கெடந்த பச்சை ஒயரை எடுத்து டிராயர்ல போட்டேன் சார்... அம்புட்டுதேன்!"

"போன வாரம் புரபசர் ஒன்னைய வேலையை விட்டுத் தூக்குறேன்னாரு. இந்த வாரம் அவரையே தூக்கிட்டாக. நான் நம்பணுமாக்கும்?"

கோட்டைச்சாமிக்கு மூன்று பெண் பிள்ளைகள். நபீஸாவின் விரல் முக்காட்டை விட்டது.

"சார்... அந்தப் பச்சை ஒயர் எர்த் ஒயர். அதைக் கழட்டினது நான்."

செம்மலையின் பேனா நின்றது.

"ஏன்?"

"ரெண்டு பவர் சப்ளைப் பெட்டி சார். தலைக்கு முந்நூறு வோல்ட். பேரலல்ல கோத்தா முந்நூறுதான் வரும். புரபசர் அறுநூறு கேட்டாக. ஒண்ணோட பிளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல கோத்து சீரீஸ் போட்டேன். ரெண்டுலயும் மைனஸ் இரும்புப் பெட்டியோட சேந்தது. ரெண்டாவதுல எர்த் இருந்தா ஃபியூஸ் போயிரும்..."

"கழட்டினா?"

"ரெண்டாவது பெட்டி மேலயே முந்நூறு வோல்ட் நிக்கும்."

"புரபசருக்குத் தெரியுமா?"

"சொல்லலை சார். மதுரையில இருந்து விருந்தாளிக வந்துட்டாக..."

செம்மலை லாக்கப்பைத் திறந்தார். "வெளிய வாய்யா!"

திரும்பினார்.

"புரபசர் செத்தப்ப நீ டிபன் சாப்பிடப் போயிருந்தேன்னு எழுதிக் கொடுத்தியேம்மா?"

"ஆமா... சார்."

மேஜை மேல் ஒரு டிபன் பாக்ஸை வைத்துத் திறந்தார். குப்பென்று நாற்றம்!

"ஒன்னோடதுதான். லேப்ல கெடந்துச்சு. இட்லி ஆறும் அப்படியே இருக்கு. எங்குட்டுப் போய், எதைச் சாப்பிட்டே?"



"அலமாரிக்குப் பின்னால நின்னேன் சார். புரபசர் ஒரு கையை முதல் பெட்டியில ஊனிக்கிட்டு, பேசிக்கிட்டே அடுத்த கையை நீட்டினாக. 'ரெண்டாவது பெட்டியைத் தொடாதீக'ன்னு சொல்ல வாயைத் திறந்தேன்... பெரிய மனுஷங்க பேசையில குறுக்க எப்படின்னு... கூச்சமா இருந்துச்சு சார். மூடிக்கிட்டேன்."



செம்மலை டிபன் பாக்ஸை மூடினார்.

"மூணே வார்த்தை! அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்நேரம் நான் கண்டனூர் பந்தியில உக்காந்து ரெண்டாவது தடவை பாயசம் கேட்டுக்கிட்டிருப்பேன்மா!"