சக்கரத்தின் அடியில் கம்பளி

"...அப்ப அந்தப் பின் டயர மாத்தவே இல்லையா, தம்பி?"

"தொரை காருக்கு நாலும் புதுசு வந்திருக்கு, மாமா. லொறிக்கு அடுத்த வருசமாம்."

கேட்டவர் மூக்கன். பதில் சொன்னவன் தோட்டத்து லொறி டிரைவர் அழகுமுத்து. லொறியின் பின்னால் தேயிலைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் மூக்கனின் மகள் பூரணி பிரசவ வலியில் கிடந்தாள். காலையிலிருந்தே வலி. கொழுந்து ஏற்றி முடியும்வரை லொறி தர முடியாது என்றுவிட்டார் தோட்டத்தை நடத்தும் துரை. லிந்துலை ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று மைல்.

டயரில் பள்ளங்கள் இருந்தால்தான் மழைத்தண்ணீர் அவற்றின் வழியே ஓடிப்போகும், ரப்பர் ரோட்டைப் பிடிக்கும் என்று அழகுமுத்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். மொட்டை டயர் தண்ணீரின் மேல்தான் நிற்கும். அதனால் லொறி ஏறாமல் சறுக்கினால், யாராவது இறங்கிச் சக்கரத்தின் அடியில் கம்பளியைக் கொடுப்பது அந்தத் தோட்டத்தில் வழக்கமாகிவிட்டது. மழையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் அதே கம்பளி.

போன ஐப்பசியில், மேல் வளைவில், அப்படி இறங்கியவள் மூக்கனின் மனைவி மீனம்மா. இன்னும் உள்ளே தள்ளச் சொன்னவன் அழகுமுத்து. லொறி பின்னுக்கு வழுக்கியது. அந்தக் கம்பளியில் சுற்றித்தான் அவளைப் புதைத்தார்கள்.

இப்போது அதே வளைவு. பிற்பகல் மூன்று மணிக்கே மழையும் பனியும் ரோட்டை மூடியிருந்தன.

சக்கரம் வெறுமனே சுழன்றது. ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. லொறி அங்குலம் அங்குலமாகச் சரிவை நோக்கி நழுவியது.

மூக்கன் கதவைத் திறந்தார்.

லொறி நின்றது.

சக்கரம் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கேட்ட பூரணியின் முனகல் அடங்கியது.

"அப்பா, அம்மா கம்பளி வாசம் வருது."

மூக்கன் குனிந்து பார்த்தார். மொட்டை டயரின் அடியில் மண் அப்பிய கம்பளி. அதன் ஓரத்தில் அவர் கையாலேயே போட்ட சிவப்பு நூல் தையல்.

அழகுமுத்து பிரேக்கை அழுத்தி மிதித்தான். அவன் காலுக்குக் கீழே, லொறியின் தரைப் பலகைக்கு அடியிலிருந்து, களைத்த குரல் ஒன்று மெதுவாகக் கேட்டது:

"நீங்க சொன்ன மாதிரியே இன்னும் உள்ள தள்ளிட்டேன், தம்பி. பூரணிய ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாங்க. வந்து, மண்ணுக்குள்ள மாட்டின எங் கைய மட்டும் எடுத்து விடுறீங்களா?"